எதிராளியின் கையெழுத்து

இப்போது எங்கள் பள்ளியில் தமிழ் நடத்தும் ஆசிரியை போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தார். ‘வாதக் கட்டுரை எழுதுவது எப்படி’, நாலே நிமிடம், அவரே எடுத்தது. படம் பளிச்சென்று இருந்தது, குரல் கணீரென்று இருந்தது. எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்டிருந்தார். இதைப் பார்த்துவிட்டு யாராவது சண்டைக்கு வந்தார்களா என்று கேட்டேன். இல்லை ஐயா, எல்லோரும் பாராட்டினார்கள் என்றார். அப்படியானால் பாடம் இன்னும் தொடங்கவில்லை என்று எழுதிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வாய்த்துடுக்கு அடங்கவில்லை என்று என் மனைவி சொல்வது சரிதான். அந்தப் பெண் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “உங்க காலத்து சி.டி. கதையை எழுதிக் குடுங்க, அப்பத்தான் கோபம் தீரும்” என்றார். ஆக, இதை அபராதமாக எழுதுகிறேன்.

புலவர் பட்டம், ஆசிரியர் பயிற்சி, காரியாபட்டிப் பக்கம் ஆறேழு வருடம், விருதுநகரில் கொஞ்ச காலம். இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எல்லோரையும் போல நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தார்கள். ஒரு வகுப்பில் நாற்பது கட்டுரை திருத்தினால் ஒரே கட்டுரையை நாற்பது கையெழுத்தில் படித்தது போல இருக்கும். அதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாக மாற்றலாகி வந்தது விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க சிவகாசிக்குப் போக வேண்டும். பிள்ளைகளின் தாய்மார்கள் பெரும்பாலும் பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலை ஏழரைக்கெல்லாம் ஆபீஸ் வேன் ஊருக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு ரோடு வரை நடக்க வேண்டும். பத்தாவது முடித்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் வேனில் ஏறிவிடுவார்கள். அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட வர மாட்டார்கள். வேனில் ஏற டி.சி. எதற்கு? அந்தக் காகிதங்கள் அலுவலக அறை பீரோவில் வருடக்கணக்காகக் கிடக்கும்.

அங்கே தலைமையாசிரியை கோமதி டீச்சர். அவர் அறைக்குச் சண்டை போட வருகிறவர்களை அவர் நடத்துகிற விதமே தனி. முதலில் பேனாவை மூடி மேசையில் வைப்பார். வந்தவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு சொல் பேச மாட்டார். முடிந்ததும், “நீங்க சொன்னதை நான் ஒருதரம் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க” என்று திருப்பிச் சொல்வார். வந்தவர் “ஆமா, அதேதான்” என்று சொன்ன பிறகுதான் தன் பதிலை ஆரம்பிப்பார். நான் சேர்ந்த புதிதில், கால அட்டவணையில் எனக்கு மட்டும் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்புகளாகப் போட்டுவிட்டார்கள் என்று கத்தப் போனேன். என் குறையை என்னைவிட அழகாக அவர் எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். வந்த பிறகு எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் ஓர் அச்சக முதலாளி பள்ளிக்கு ஒரு டி.வி.யும் சி.டி. பிளேயரும் வாங்கிக் கொடுத்தார். அறிவியல் பாடத்துக்குச் சி.டி. வந்தது, ஆங்கிலத்துக்கு வந்தது, தமிழுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற பால்ராஜின் மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அவரைப் பிடித்தேன். ஏழு நிமிடத்தில் கட்டுரை எழுதக் கற்றுக் கொடுக்கும் படம் ஒன்று எடுப்பதென்று முடிவானது. தலைப்பு, ‘கல்வியே உயர்வு’.

பால்ராஜ் கை சும்மா இருக்காது. ‘முன்னுரை’ என்ற எழுத்து ரோஜாப்பூ வளையத்துக்குள் சுழன்றுகொண்டு வந்தது. நான் நடந்து வரும்போது நாதஸ்வரம் ஒலித்தது. முடிவுரையில் என் தலைக்கு மேல் அட்சதை விழுந்தது.

“எதுக்குய்யா இதெல்லாம்?” என்றேன்.

“வெறும் படமா விட்டா வெறிச்சுன்னு இருக்கும் சார். நாளைக்கு நாலு பேரு பாக்கணும்ல” என்றார் பால்ராஜ்.

பூவும் அட்சதையும் போகட்டும். தவறு என்னுடையது. படத்தில் நான் ஓர் ஆபீஸ் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டு, “இந்த வண்டி இருளுக்குச் செல்கிறது, பள்ளியின் பாதை ஒளிக்குச் செல்கிறது” என்று முழங்கியிருந்தேன். கைடில் உள்ள வரிதான். இருபது வருடமாக நான் மதிப்பெண் போட்டு வந்த வரி.

பிள்ளைகள் சி.டி.யை இரவல் வாங்கி வீடுகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை, பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வேன் பள்ளி வாசலில் நின்றது. தூக்குவாளியோடு பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். டிரைவர் பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், யாரும் சட்டை செய்யவில்லை. முன்னால் வந்தவர் சண்முகத்தாய். பத்தாம் வகுப்பு முத்துச்செல்வியின் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவர்.

“நாங்க இருட்டுக்குள்ளயா சார் போயிட்டு வாரோம்? இந்த வண்டியில போயித்தான இதுகளுக்குச் சட்டையும் நோட்டும் வாங்குதோம்? எங்க பிள்ளைக முன்னாடி எங்களைய அசிங்கமாச் சொல்லலாமா?”

கோமதி டீச்சர் வெளியே வந்தார். முழுவதும் கேட்டார். திருப்பிச் சொன்னார். “அதேதான்” என்றார்கள் அத்தனை பேரும். பிறகு அவர் செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “ஐயா, அவங்க சொன்னதை நீங்களும் ஒருதரம் சொல்லுங்க” என்றார்.

“தொழிலாளர்களின் அறியாமையை நான்…” என்று ஆரம்பித்தேன்.

“அறியாமைன்னு யாரு சொன்னா?” என்றார் சண்முகத்தாய்.

“சரி, அவர்களுடைய வறுமையை…”

“வறுமைன்னும் சொல்லலை.”

வகுப்பு ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகம். அந்த நிமிடம் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது. மூன்றாவது முறை தட்டுத் தடுமாறிச் சரியாகச் சொன்னேன். “உங்க உழைப்பில் படிக்கிற பிள்ளைக்கு, உங்க உழைப்பையே கேவலமாக நினைக்கக் கற்றுக் கொடுத்துவிட்டேன்.” அதன் பிறகுதான் வேன் கிளம்பியது.

அன்றைக்குச் சாயங்காலம் கோமதி டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “வாதம் பண்ணக் கத்துக் குடுக்கறோம் ஐயா. எதிராளி என்ன சொல்றான்னு நமக்கே தெரியலையே.”

அடுத்த படம் அங்கிருந்து பிறந்தது. ஐந்து நிமிடம், ஒரே ஒரு பாடம். தாளை நடுவில் மடித்துக்கொள். இடப்பக்கம் உன் எதிராளி சொல்வதை எழுது. எதிராளி கைடில் இருக்கக் கூடாது, உன் வீட்டிலோ தெருவிலோ இருக்கிற ஆளாக இருக்க வேண்டும். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டு. ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதற்குப் பிறகே வலப்பக்கத்தில் உன் பதில். கையெழுத்து இல்லாத தாளை நான் திருத்த மாட்டேன். இந்தப் படத்தில் ரோஜாப்பூ ஒரு முறைதான் வந்தது. பால்ராஜுக்கு அதில் வருத்தம்.

வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. கிரிக்கெட் விளையாடக் களத்தைக் கேட்ட பையன், களத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கப் போய் அவரோடு சேர்ந்து கடலை காயப் போட்டுவிட்டு வந்தான். வலப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை ஐயா, அவர் சொல்வதுதான் சரி என்றான். அதற்கும் முழு மதிப்பெண் போட்டேன். இன்னொருவன் தாத்தாவின் கையெழுத்தைத் தானே போட்டு வந்தான். கைநாட்டு வைக்கிற தாத்தா தன் பெயர் முழுவதையும் ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்ததில் மாட்டிக்கொண்டான். அந்த வருடம்தான் முதன்முறையாக நாற்பது கட்டுரையும் நாற்பது கட்டுரையாக இருந்தன. திருத்துகிற வேலை எனக்குப் பிடித்துப் போனது.

முத்துச்செல்வியின் தாள் மட்டும் நேரத்துக்கு வரவில்லை. அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘நான் பதினொன்றாம் வகுப்பு படிக்க வேண்டும்’. எதிராளி, சண்முகத்தாய். பரீட்சை முடிந்த மறுவாரமே மகளைத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிப் போவதாக, ஆள் சேர்க்கிற ஏஜெண்டிடம் சொல்லி வைத்திருந்தார். வேனில் இடமும் உறுதியாகிவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு இது பயிற்சித் தாள். அவளுக்கு அப்படியில்லை.

முதல் தடவை, ‘எங்கள் குடும்பம் வறுமையில் வாடுவதால்’ என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். “வாடுதோம்னு ஒங்கிட்ட நான் எப்பச் சொன்னேன்? மூணு வேளையும் சோறு திங்கலயா?” என்று அம்மா கையெழுத்துப் போடவில்லை. இரண்டாம் தடவை, ‘பெண்களுக்குப் படிப்புத் தேவையில்லை என்று என் தாய் கருதுகிறார்’ என்று எழுதினாள். “பத்து வருசமா ஒன்னையப் பள்ளிக்கூடம் அனுப்புனவ எவ?” என்று தாளைக் கிழித்தே போட்டுவிட்டார். கிழிந்த தாளோடு வந்து என் முன்னால் அழுதாள்.

“வேற தலைப்பு எடுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். வேனிலிருந்து மறுபடியும் தூக்குவாளிகள் இறங்குமோ என்ற பயம் எனக்கு.

கோமதி டீச்சர் விடவில்லை. அவளைக் கூப்பிட்டு, “ஞாயித்துக்கிழமை அம்மா துணி துவைக்கும்போது கூடப் போய் உக்காரு. ஒரு கேள்விதான் கேக்கணும். ‘நான் மேல படிச்சா என்ன ஆயிரும்னு நீங்க பயப்படுறீங்க?’ அவங்க பேசும்போது நீ பதில் பேசக் கூடாது. துணியைப் பிழிஞ்சு குடு, போதும்” என்றார்.

திங்கட்கிழமை தாள் வந்தது. இடப்பக்கம் நிறைந்து வழிந்தது. அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மனப்பாடம்.

‘எங்க அக்கா மக மல்லிகா பன்னெண்டாங்கிளாஸ் முடிச்சிட்டு ரெண்டு வருசமா வீட்டுல இருக்கா. ஆபீசுக்கு வரக் கூச்சப்படுதா. வந்தாலும் கை வேகம் வராது. வெளிய வேலை தேடவும் தெரியலை. படிக்காதவ கூடவும் சேர முடியலை, படிச்சவ கூடவும் சேர முடியலை. எம்மக பாதி வழியில நிக்கக் கூடாது. ஆபீசுன்னா நான் கூடவே இருந்து சொல்லிக் குடுத்திருவேன். பன்னெண்டு முடிச்சா அடுத்து என்னன்னு எனக்கும் தெரியாது. எந்த வாத்தியாரும் வந்து சொன்னதும் கெடையாது.’

கீழே, கோணலாக, அழுத்தமாக, ச. சண்முகத்தாய்.

கடைசி வரியை மறுபடியும் படித்தேன். எத்தனை மேடையில் ‘படியுங்கள், படியுங்கள்’ என்று கத்தியிருக்கிறேன்! பன்னிரண்டுக்குப் பிறகு என்ன என்று ஒரு வீட்டிலாவது உட்கார்ந்து பேசியிருக்கிறேனா? வெட்கமாக இருந்தது. வலப்பக்கம் உன் பொறுப்பு என்று முத்துச்செல்வியிடம் சொன்னபோது, எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதம், ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். வாத முறையைப் பெற்றோருக்கும் காட்டலாம் என்று மூன்றாவது படத்துக்கு ஏற்பாடு செய்திருந்தோம். முதலில் எதிராளி பேசுவது, அடுத்து மாணவி பேசுவது. சண்முகத்தாய் பேச ஒத்துக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். “நான் சொன்னதை நானே சொல்லுதேன், யாரும் திருத்தக் கூடாது” என்ற நிபந்தனையோடு பேசினார்.

முகூர்த்த மாதம். பால்ராஜ் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தார். கூட்டத்தன்று வேர்க்க விறுவிறுக்க வந்து சி.டி.யைக் கையில் கொடுத்துவிட்டு, “சார், அம்மா பேசுனது வரைக்கும்தான் முடிச்சிருக்கேன். பிள்ளையை எடுக்கதுக்கு நேரமே கிடைக்கலை. கோவிச்சுக்கிடாதீக” என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

போட்டோம். பூ இல்லை, நாதஸ்வரம் இல்லை. சண்முகத்தாயின் முகமும் குரலும் மட்டும். “எம்மக பாதி வழியில நிக்கக் கூடாது” என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெண் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கூரை அதிர்ந்தது. வாதக் கட்டுரை சொல்லிக் கொடுக்கப் போய், பள்ளிக்கூடத்திலேயே படிப்புக்கு எதிராக ஒரு கூட்டம் நடத்திவிட்டேன் என்று நினைத்தேன். நாலு வார்த்தை பேசிச் சமாளிக்கலாம் என்று எழுந்தேன். கோமதி டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முத்துச்செல்வி எழுந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நான் பாதியில நின்னுருவேன்னுதான் பயப்படுதீக. சரியாம்மா?”

“ஆமா” என்றார் சண்முகத்தாய்.

“மல்லிகா அக்காகிட்டப் போயி ஏன்க்கா இப்படியாச்சுன்னு கேட்டேன். பதினொண்ணுல என்ன பாடம் எடுக்கணும்னு யாருமே சொல்லலை, கூட்டாளி எடுத்ததை எடுத்தேன்னாக. தப்பு பன்னெண்டு முடிச்சதுல இல்லம்மா, எதுக்குப் படிக்கோம்னு தெரியாமப் போனதுல இருக்கு. நீங்க தெனமும் ஒட்டுத லேபிளை யாரு செய்யுதாகன்னு தேடுனேன். பால்ராஜ் மாமா சிவகாசியில ஒரு பிரஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்கன ஒரு அக்கா கம்ப்யூட்டர்ல லேபிள் போட்டுக்கிட்டு இருந்தாக. அவுகம்மாவும் நம்மளை மாதிரி ஆபீசுக்குப் போறவுகதான். பன்னெண்டுல கம்ப்யூட்டர் பிரிவு எடுத்திருக்காக. நானும் அதைத்தான் எடுப்பேன்.” மூச்சு வாங்கினாள். “மல்லிகா அக்காவையும் கூட்டிட்டுத்தான் போனேன். வந்து பழகுதியான்னு பிரஸ்ஸுக்காரக அவுகளைக் கேட்டாக. நாளையிலேர்ந்து போறாக.”

கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரமாக மல்லிகா உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டே, ஆமாம் என்று ஆட்டினாள்.

ஓர் ஆசிரியனாக எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்த நிமிடம்தான். எதிராளி காட்டிய உதாரணத்தை மறுத்துப் பேச எனக்குத் தெரியும். அந்த உதாரணத்தையே கையைப் பிடித்து எழுப்பி வேலைக்கு அனுப்பலாம் என்று எந்தக் கைடும் சொல்லவில்லை, நானும் சொல்லித் தரவில்லை.

ஆனால் கூட்டம் முடிந்ததும் சண்முகத்தாய் மகளை அழைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். தேர்வு வந்தது, முடிந்தது. மறுவாரத்திலிருந்து முத்துச்செல்வி வேனில் போவதைப் பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். விடுமுறை முழுக்க அது எனக்கு ஆறவே இல்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, அலுவலக அறை வாசலில் சண்முகத்தாய் நின்றார். பக்கத்தில் முத்துச்செல்வி. வேலை நாள். வேன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

“டி.சி. வாங்க வந்தோம் சார்.”

“லீவுல ஆபீசுக்குப் போனதாச் சொன்னாங்களே?” என்றேன்.

“லீவுக்கு மட்டுந்தான் கூட்டிட்டுப் போனேன். ஏஜெண்டுகிட்ட அப்பவே சொல்லிட்டேன். ஆனா இவுகப்பா விருதுநகர்ல வத்தல் கமிசன் மண்டியில லோடுமேன் சார். வாரத்துக்கு ஒருதரம்தான் வருவாக. கூட்டத்துக்கு வரலை. வீடியோவுலயும் இவ பேசுனது இல்லை. அவுகளுக்கு யாரு சொல்லுவா? இவ சொல்ல நின்னா அழுதிருதா. நாந்தான் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?”

“இவ சொன்னதைத்தான். ஆனா சும்மா சொல்ல விடலை சார் இவ. சொல்லிப் பாருங்கன்னு முதல்ல எங்கிட்டக் கேட்டா. ரெண்டு தடவை, நான் அப்படிச் சொல்லலைம்மான்னுட்டா. மூணாவது தடவைதான் சரின்னா. அப்புறந்தான் அவுககிட்டப் போயிச் சொன்னேன். மல்லிகா கதை, பிரஸ்ஸு, கம்ப்யூட்டர் பிரிவு, எல்லாத்தையும். பூராத்தையும் கேட்டுட்டு, ‘இதுல ஒம்மக சொல்லுதது எது, நீ சொல்லுதது எது?’ன்னாக.”

சண்முகத்தாய் மகளை ஒரு பார்வை பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை சார்.”